எஞ்சினுக்குப் பத்து வருசம்

"ஒருத்தரும் கதைக்காதேங்கோ. முதல் சத்தம்தான் முக்கியம்," என்று கையை உயர்த்தினார் குலசிங்கத்தார்.

ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கம் அவருடைய வீட்டு வாசல். பங்குனி பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. ட்ரைவ்வேயில் ஒரு கறுப்பு பிக்கப் ட்ரக் இராமுழுக்கக் குளிரில் விறைத்துப்போய் நின்றது. அதை வாங்க ஆசைப்பட்டு நிற்பவன் அபிஷன், கூரை வேலை செய்கிற பெடியன். குலசிங்கத்தாரின் பெரியம்மா மகள் பாலேஸ்வரியின் ஒரே பிள்ளை. "ட்ரக்கை முதல்நாளே என்ர வாசலில விட்டுட்டுப் போ, காலமை குளிரோட ஸ்ரார்ட் பண்ணிப் பாப்பம்" என்று மாமன் சொன்னதால், விற்கிறவனிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்து விட்டிருந்தான்.

அபிஷன் ஸ்ரார்ட் பண்ணினான். குலசிங்கத்தார் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். எஞ்சினுக்குள்ளே சங்கிலி ஒரு கணம் கிலுங்கிவிட்டு அடங்கியது. மற்றவர்களுக்கு அது சத்தமாகவே படவில்லை. அவர் எஞ்சினை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்து மூக்கடியில் பிடித்தார்.

"ஒயிலுக்க பெற்றோல் மணக்குது. கிட்டக்கிட்ட ஓடி ஓடி, சூடாக முதலே நிற்பாட்டி நிற்பாட்டி வச்சிருக்கிறான். இது வேண்டாம் மருமோன்."

"அப்ப உந்தப் புது ரேர்போ எஞ்சின் ஒண்டும் சரியில்லையோ மாமா? ஒன்லைன்ல எல்லாரும் அமேஸிங் எண்டு சொல்லுறாங்கள்."

"ஒரு கிழமை ஓடிப்போட்டு எழுதுறவன் அமேஸிங் எண்டுதான் சொல்லுவான். சின்ன எஞ்சினைச் செய்து, ரேர்போவைப் பூட்டி, பெரிய எஞ்சின்ர வேலையை வாங்கிறாங்கள். கூடாதெண்டு நான் சொல்லேல்லை. திறமெண்டும் சொல்லேல்லை. ஒரு எஞ்சின் பத்து வருசம் ஓடவேணும். மாரி, கோடை, உப்பு, ட்ரெயிலர் எல்லாத்தையும் காணவேணும். அதுக்குப் பிறகுதான் அதைப் பற்றி வாய் திறக்கலாம். அதுக்கு முதல் சொல்லுறதெல்லாம் வாய்ப்பந்தல்."

எவ்வளவு நிதானமான பேச்சு, பாருங்கள்! மார்க்கம் நகரில் ஒரு பெரிய சாப்பாட்டுச் சாமான் கொம்பனியில் வாகனங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. எந்த வான் வாங்குவது, எந்த ட்ரக்கைக் கழிப்பது என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு என்று எந்த ஹோலுக்குப் போனாலும், கையில் ரோல்ஸும் கடுதாசித் தட்டுமாக நாலு பேர் அவரைச் சுற்றி நிற்பார்கள். அவரும் யாருக்கும் அவசரத் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

எஞ்சின்களுக்குத்தான் அந்தப் பொறுமை.

அபிஷன் ட்ரக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனதும் மகனோடு வந்திருந்த பாலேஸ்வரி குலசிங்கத்தாரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவளுக்கு ட்ரக் பெரிய காரியமில்லை. காலங்காத்தாலே குளிரில் வந்து நின்றது வேறு விசாரணைக்கு.

"தம்பி, இவன் ஒரு பெட்டையோட திரியிறான். தாய் தகப்பன் எங்கட ஊருக்குப் பக்கத்து ஊராம். எந்தப் பக்கத்து ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லன். உனக்குத்தானே எல்லாரையும் தெரியும்."

எந்தப் பக்கம் என்று கேட்டால் கிழக்கா மேற்கா என்று சொல்ல வேண்டும் என நினைக்கிறவன் நம்மவனே அல்ல. சாதி என்ற சொல்லை வாயால் சொல்ல இப்போது எல்லாருக்கும் வெட்கம். அதனால் ஊரைக் கேட்பார்கள், பிறகு பக்கத்தைக் கேட்பார்கள், எந்தக் கோயிலடி என்று கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் கணக்குச் சரியாக வந்துவிடும். சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, வீடு வாசலை விட்டுவிட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்தது. அந்தக் கேள்வி மட்டும் விசாவும் இல்லாமல் பாஸ்போட்டும் இல்லாமல் கூடவே வந்து இறங்கிவிட்டது.

"ஓமக்கா, பாப்பம்," என்றார் குலசிங்கத்தார். பழக்கம் அப்படி.

"அதுசரி, உன்ர மகள் ஒரேயடியாக் கல்கரிக்குப் போறாளாமே? வாற சனிக்கிழமை வெளிக்கிடுகினமாம். புருசன்ர ட்ரக்கிலயே சாமானையும் ஏத்திக்கொண்டு, அந்தச் சின்னப் பிள்ளையையும் கொண்டு போகினமாம். உனக்குத் தெரியாதோ?"

குலசிங்கத்தார் திரும்பி வாசற்கதவடியில் நின்ற மனைவி யோகமலரைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பனி தள்ளுகிற சவளைத் தூக்கிச் சுவரோரம் சாத்தி வைப்பதில் மும்முரமாக இருந்தாள். அப்போதே விளங்கிவிட்டது, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று.

றஜிதா அவருக்கு ஒரே மகள். ஏழெட்டு வருசத்துக்கு முன்பு ஒரு பின்னேரம், மிதுனன் என்ற பெடியனை அவள் இந்த வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன், எலெக்ரீசியன். புத்தம்புது நீல நிற பிக்கப்பில் வந்து இறங்கினான். குலசிங்கத்தாரின் கண் முதலில் போனது ட்ரக்கில்தான்.

"புது எஞ்சினெல்லே இது?"

"ஓம் அங்கிள். இந்த வருசம்தான் முதல்முதலா விட்டிருக்கிறாங்கள்."

"முதல் வருச எஞ்சினை வாங்கியிருக்கக்கூடாது. பரவாயில்லை, பத்து வருசம் ஓடட்டும், பேந்து சொல்லுறன்," என்று சிரித்துக்கொண்டுதான் உள்ளே கூட்டிப்போனார்.

யோகமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குலசிங்கத்தார் தாய் தகப்பனின் ஊரைக் கேட்டார். பெடியன் சொன்னான். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"நான் போனதில்லை அங்கிள். அம்மம்மாவின்ர வீடு கோயிலுக்குப் பின்பக்கம், குளத்தைத் தாண்டிப் போகவேணும் எண்டு அம்மா சொல்லுவா," என்றான் மிதுனன். கேட்டதற்கு ஒரு பதில் தெரிந்திருந்ததே என்று அவன் முகத்தில் சந்தோசம் வேறு. பாவம், என்ன கேட்கப்படுகிறது என்றே அவனுக்குத் தெரியாது.

குலசிங்கத்தாருக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார். "தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம். இனி இஞ்ச வரவேண்டாம்," என்றார். தேத்தண்ணியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

றஜிதா அழுதாள், சண்டை பிடித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் ஒருநாள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டாள். போகும்போது தன் காரின் திறப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். படிக்கிற காலத்தில் அவளுக்கென்று குலசிங்கத்தாரே தேடிப் பிடித்து எஞ்சின் பார்த்து வாங்கிக் கொடுத்த சின்னச் சாம்பல் நிறக் கார் அது. கலியாணம் நடந்தது. இவர் போகவில்லை, யோகமலரையும் போக விடவில்லை. பேத்தி பிறந்ததும் ஊர்வாயில்தான் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் காரை அவர் விற்கவில்லை. மாரிக்கு மாரி ரயர், கோடைக்குக் கோடை ரயர், தவணை தவறாமல் ஒயில் மாற்றம். "ஏன் அண்ணை உதை வச்சிருக்கிறியள்?" என்று கேட்பவர்களுக்கு, "அருமையான எஞ்சின், இனிக் கிடைக்காது" என்பார். சும்மா நிற்கிற காரைக் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு நிற்பாட்டுவது கூடாது, எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக்கொண்டு போவார். நேரே றிச்மண்ட் ஹில். அங்கே நாலைந்து கடைகளோடு ஒரு பிளாசா. பிளாசாவுக்கு முன்னால் ஒரு உயரமான அப்பார்ட்மென்ட். அதில் றஜிதா இருக்கிறாள். பிளாசாவில் காரை நிறுத்திவிட்டு ஒரு கோப்பி வாங்கிக் குடிப்பார். குடித்துக்கொண்டு பல்கனிகளையெல்லாம் பார்ப்பார். பிறகு திரும்பி வந்துவிடுவார். எத்தனை மாரி அப்படிப் போனதோ, அவருக்கே தெரியாது. எஞ்சினைச் சூடாக்குகிறாராம்!

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

"கல்கரிக்குப் போற வழியில, சுப்பீரியர் ஏரிக்கரைப் பக்கம் இப்பவும் பனி கொட்டுது," என்றார் தட்டைப் பார்த்தபடி. "மணித்தியாலக் கணக்கா ஒரு வீடு வாசல் இல்லாத ரோட்டு. அந்த ட்ரக் முதல் வருச எஞ்சின். சுமையும் ஏத்திக்கொண்டு போய், நடுவழியில நிண்டுதெண்டா? சின்னப் பிள்ளையை வச்சுக்கொண்டு?"

யோகமலர் கறியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு ட்ரக்கைப் பற்றித்தான் கவலையோ?"

"வேற என்ன?"

"அப்ப போய் ட்ரக்கைப் பாத்துச் சொல்லிப்போட்டு வாங்கோ. ஊரில உள்ளவையின்ர ட்ரக்கெல்லாம் பாக்கிறியள்தானே. பேத்தி போற ட்ரக்கைப் பாக்கேலாதோ?"

அவருக்குக் கோபம் வரப் பார்த்தது. வரவில்லை. பேத்தி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு என்ன பெயர் என்று கேட்க நா எழும்பியது. கேட்கவில்லை. வீம்பு பிடித்த மனுசன்.

மறுநாள் சாம்பல் காரை எடுத்துக்கொண்டு போனார். பிளாசாவில் நிறுத்தினார். கோப்பி வாங்கினார். குடிக்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், அப்பார்ட்மென்ட் வாசலில், அந்த நீல ட்ரக் நின்றது. ஒருவன் பின்பெட்டியில் ஏறி நின்று சாமான்களைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். கல்கரி வெகுதூரம். அங்கே போய்விட்டால் எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்தப் பிளாசாவில் போய் நிற்பது? கோப்பியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, தெருவைக் கடந்து போனார்.

மிதுனன் அவரைக் கண்டதும் திகைத்துப்போய்க் கீழே இறங்கினான். காதடியில் ஒன்றிரண்டு நரை. "வாங்கோ அங்கிள்," என்றான்.

அவர் வாயில் வந்தது எஞ்சின்தான்.

"உதிலயோ கல்கரிக்குப் போறியள்? எவ்வளவு ஓடியிருக்கு?"

"மூண்டு லட்சம் கிலோமீற்றர் தாண்டியிட்டுது அங்கிள்."

"எஞ்சின் மாத்தினனீரோ?"

"இல்லை. அதே எஞ்சின். ரேர்போவும் அதுதான்."

"காலமை ஸ்ரார்ட் பண்ணினனீரோ?"

"இல்லை, இண்டைக்கு இன்னும் எடுக்கேல்லை."

"பொனற்றைத் திறவும். திறந்திட்டு ஸ்ரார்ட் பண்ணும்."

எஞ்சின் பிடித்தது. குலசிங்கத்தார் தலையைச் சாய்த்தார். கிலுக்கம் இல்லை, இரைச்சல் இல்லை. முதல் சத்தத்திலிருந்தே ஒரே சீராக ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிற்பாட்டச் சொன்னார். கம்பியை இழுத்துப் பார்த்தார், மணந்து பார்த்தார். பெற்றோல் வாடை இல்லை. இன்னொருதரமும் மணந்தார். குறை ஏதும் அகப்படாதா என்று அவர் தேடினாரோ, அல்லது அகப்பட்டுவிடக் கூடாதே என்று பயந்தாரோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

"ஒயில் எப்ப எப்ப மாத்திறனீர்?"

"புத்தகத்தில போட்டிருக்கிறதில பாதித் தூரத்திலயே மாத்திப்போடுவன். குளிருக்க கிட்டடிக்கு எடுக்கிறேல்லை, கிட்டடியெண்டா நடந்து போவம்." மிதுனன் கொஞ்சம் தயங்கினான். "அண்டைக்கு உங்கட வாசலில நீங்கள் சொன்னனீங்கள், பத்து வருசம் ஓடட்டும், பேந்து சொல்லுறன் எண்டு. ஸோ... ஓட்டிக் காட்டுவம் எண்டு நினைச்சன். இன்னும் பத்து ஆகேல்லை அங்கிள்."

குலசிங்கத்தார் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். இத்தனை வருசமாக இந்தப் பெடியன் அந்த ஒரு சொல்லுக்காக ட்ரக்கைப் பேணி வைத்திருக்கிறான். வீட்டுக்கு வராதே என்று சொன்னவரின் வாயால் நல்லது என்று ஒரு சொல் கேட்பதற்காக.

"அப்பா."

றஜிதா வாசற்படியில் நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தது.

"ட்ரக்கைப் பாக்க வந்தனான்," என்றார் குலசிங்கத்தார்.

"தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பிளாசாவில காரைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். இண்டைக்கு ஏறி வருவார், இண்டைக்கு ஏறி வருவார் எண்டு. கோப்பியைக் குடிச்சிட்டுத் திரும்பிப் போயிடுவியள்." அவள் குனிந்து மகளின் தலையைத் தடவினாள். "இவளுக்கும் காட்டியிருக்கிறன். அந்தா நிக்குது அம்மாவின்ர கார், அதுக்குள்ள இருக்கிறவர்தான் உன்ர அம்மப்பா எண்டு."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"அப்பா, அண்டைக்கு இந்த ட்ரக்குக்குப் பத்து வருசம் குடுத்தனீங்கள். இவருக்கு ஒரு தேத்தண்ணி ஆறுற நேரம்கூடக் குடுக்கேல்லை. எந்தத் தொழிற்சாலையில செய்த எஞ்சின் எண்டு பாத்தோ தீர்ப்புச் சொல்லுவியள்? ஓடுதோ, உழைக்குதோ, குளிருக்க கைவிடாமல் நிக்குதோ எண்டுதானே பாப்பியள்? இவர் எப்பிடிப்பட்டவர், என்னை வடிவா வச்சிருப்பாரோ எண்டு நீங்கள் கேக்கவே இல்லையே. அவர் கண்ணால காணாத ஒரு வீடு எந்தக் குளத்துக்கு அங்கால இருக்குதெண்டுதானே கேட்டனீங்கள்!"

தெருவில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. குலசிங்கத்தார் கம்பியை மெல்ல அதன் இடத்தில் வைத்தார், பொனற்றை மூடினார். கண்ணீர் தாடையில் இறங்கிவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பிழை பிள்ளை. என்ர பிழைதான்." பிறகு மிதுனன் பக்கம் திரும்பினார். "தம்பி, நல்லாப் பேணி வச்சிருக்கிறீர். பத்து வருசம் வரைக்கும் பாக்கத் தேவையில்லை. மேல வந்தா எனக்கு ஒரு தேத்தண்ணி தருவீரோ?"

கோப்பைகளெல்லாம் பெட்டியில் கட்டப்பட்டுவிட்டன. மிதுனன் கடுதாசிக் கப்பில்தான் ஊற்றிக் கொடுத்தான். சீனி கூடிப்போயிருந்தது. ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தார். நிலாணி என்று பெயராம் பேத்திக்கு. கடைசியில் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பயணம் மட்டும் மாறவில்லை. மிதுனனுக்கு அங்கே வேலை உறுதியாகிவிட்டது, இருந்த வீட்டையும் விட்டாகிவிட்டது. கிடைத்தது நடுவில் இருந்த சில நாட்கள்தான். யோகமலர் அந்த நாட்களில் புட்டும் இடியப்பமுமாக அவித்துத் தள்ளினாள். குலசிங்கத்தார் தரையில் இருந்து பேத்தியோடு விளையாடினார். விளையாடும்போதே, இந்தப் பிள்ளை தவழ்ந்ததைக் காணவில்லையே, நடை பழகியதைக் காணவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை நீல ட்ரக் முன்னால் போக, சாம்பல் காரில் அவரும் யோகமலரும் பின்னால் போனார்கள். வழியில் இருக்கிற பாரி நகர் வரைக்கும் வந்து வழியனுப்புகிறோம் என்று பேச்சு. பாரியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், பேத்தியை இறக்க மனமில்லாமல் இறக்கினார்கள். ட்ரக் வடக்கே திரும்பி மறைந்தது. குலசிங்கத்தார் காருக்குள் வந்து இருந்து, ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அந்த வெறும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபோன் அடித்தது. பாலேஸ்வரி.

"என்ன தம்பி, ஒரு சத்தத்தையும் காணேல்லை? அந்தப் பெட்டையின்ர ஆக்கள் எந்தப் பக்கமாம்?"

"விசாரிக்கேல்லை அக்கா. விசாரிக்கவும் மாட்டன்."

"ஏன்ரா?"

"அந்தப் பிள்ளை என்ன குணம், அபிஷன் அதோட சந்தோசமா இருக்கிறானோ, அதைப் பாருங்கோ. எந்தப் பக்கம் எண்டு கேட்டு மனிசரை அளக்கிறதை இதோட விடுவம். அது விசாரணை இல்லை அக்கா, அநியாயம். இரும்பில செய்த எஞ்சினுக்குப் பத்து வருசம் பொறுத்த நான், ஒரு மனிசனை ஒரு கேள்வியில கழிச்சு விட்டனான். கேட்டு என்னத்தைக் கண்டன்? என்ர பிள்ளை எனக்குக் கிட்ட இருந்த காலத்தைத் துலைச்சுப்போட்டு, அவள் தூரப் போற அண்டைக்கு அவளின்ர ட்ரக்குக்குப் பின்னால வந்து நிக்கிறன். நீங்களும் அப்பிடி வந்து நிக்காதேங்கோ."

பதிலுக்குக் காத்திராமல் அவர் ஃபோனை வைத்தார். கார் ஓடிய சூட்டோடு மெல்ல உறுமிக்கொண்டு நின்றது. யோகமலர் கண்ணைத் துடைத்துவிட்டு மீற்றரை எட்டிப் பார்த்தாள்.

"எஞ்சின் சூடாகியிட்டுதோ?"

"இப்பதான் வடிவாச் சூடாகியிருக்கு."

"அப்ப ஏன் திரும்புவான்? இன்னும் கொஞ்சத் தூரம் போவம்."

குலசிங்கத்தார் சிக்னலைப் போட்டு, காரை வடக்குப் பக்கமாகவே திருப்பினார்.